லென்ஸில் கோளாறு இல்லை

முகம் மட்டும் தெளிவாக இருந்து, பின்னால் இருப்பதெல்லாம் பால் ஊற்றியது போலக் கலங்கிப்போன படங்களை எடுக்க வேண்டும் என்ற ஆசையை எனக்கு ஊட்டியவள் என் நாத்தனார். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த சமயம் அது. தரகரிடம் கொடுப்பதற்காக ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் அவளுக்குப் பின்னால் ஒரு நீலத் திரையும் பிளாஸ்டிக் பூந்தொட்டியும் இருந்தன.

"பொண்ணு பாக்கறதுக்கு எடுத்தாப்ல இல்ல அண்ணி, பொண்ணக் காணோம்னு போஸ்டர் ஒட்ட எடுத்தாப்ல இருக்குது" என்றாள்.

என்னிடம் ஒரு கேமரா இருந்தது. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது என் தம்பி தன் பழைய கேமராவையும், அதனுடன் கைக்கு அடக்கமான ஒரு ஐம்பது எம்எம் லென்ஸையும் என்னிடம் விட்டுப்போயிருந்தான். பீரோவில் பாப்பாவின் சட்டைகளுக்கு நடுவில் அது கிடந்தது. போனில் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். லென்ஸுக்குள் ஒரு துவாரம் இருக்கிறது. அதன் எண் சின்னதாகச் சின்னதாகத் துவாரம் பெரிதாகும். துவாரம் பெரிதானால் தெளிவாக விழும் ஆழம் குறைந்துவிடும். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது கலங்கிவிடும். எடுக்கிறவர் ஆளுக்குக் கிட்டே போக வேண்டும், ஆளுக்கும் பின்னால் இருப்பதற்கும் தூரம் வேண்டும். அவ்வளவுதான். ஆனாலும் ஒவ்வொரு படத்தையும் எடுத்த பிறகு, சரியாகத்தான் செய்தேனா என்று இன்னொரு வீடியோ பார்ப்பேன். எதையும் இரண்டு முறை பூட்டிப் பார்க்கிற சுபாவம் எனக்கு. பிள்ளை பிறந்த பிறகு அது மூன்று முறையாகிவிட்டது என்று என் கணவர் கேலி செய்வார்.

மாமனார் குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளம் வீட்டுக்குப் பின்னாலேயே தொடங்கிவிடும். அங்கே தூரத்துக்குப் பஞ்சமே இல்லை. பாத்திகள், பாத்திகளைத் தாண்டி உப்புக் குவியல்கள், அதற்கும் அப்பால் ஈ.சி.ஆர் ரோட்டில் தீப்பெட்டி அளவுக்குப் பஸ்கள். நிற்கத்தான் இடம் கிடையாது. உப்பு விளைகிற பாத்தியில் யாரும் கால் வைக்கக்கூடாது. குதிகால் அழுந்தினால் அடிச்சேறு மேலே வந்து அந்த இடத்து உப்பு கறுத்துவிடும். ஆகவே எடுக்கிறவரும் எடுக்கப்படுகிறவரும் ஒரே வரப்பில் முன்னும் பின்னுமாகத்தான் நிற்க முடியும். பக்கத்தில் நகர முடியாது. நாத்தனார் வரப்பில் நின்றாள். நான் அவளுக்கு எதிரே முட்டிபோட்டேன். பின்னால் பாத்தித் தண்ணீரில் சாய்ந்து விழுந்த வெயில், படத்தில் பெரிய பெரிய பொட்டுகளாக உருண்டு நின்றது. இன்ஜின் கொட்டகையும் தார்ப்பாய் போர்த்திய குவியலும் இருந்த இடம் தெரியவில்லை.

அந்தப் படம்தான் பெருமுக்கல் பக்கத்துச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படி ஒரு பெருமை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி இரண்டாவது ஆள் பேசியது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு பாப்பாவை எடுக்கத் தொடங்கினேன். மூன்று வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் அவளை நிறுத்திவிட்டு நான் எதிரே உட்காருவேன். நாத்தனார் எனக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டி அவளைச் சிரிக்க வைப்பாள். உப்பு வாரும் அக்கா ஒருத்தி, பலகையை வரப்பில் சாய்த்துவிட்டுக் கேமராவின் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, பாப்பாவுக்கு ராசிக் கண்ணா? மாறுகண்ணு இருக்கற பொண்ணு போற எடம் வெளங்கும்."

"அக்கா, நீ போய் உப்ப வாரு. கண்ணு கிண்ணுனு" என்று நாத்தனார் அவளை வெட்டினாள். பாப்பாவுக்குக் கண்ணேறு பட்டுவிடும் என்று நாத்தனார் பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்தச் சொல்லை நான் விட்டிருக்கக்கூடாது. ஆனால் பாப்பாவை நேரில் பார்க்கும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓடுகிற பிள்ளை, ஒரு இடத்தில் நின்றால்தானே கண்ணைப் பார்ப்பது?

சில நாட்களில் பி.எட். கடைசிப் பரீட்சை வந்தது. பரீட்சை முடியும்வரை நான் திண்டிவனத்தில் அம்மா வீட்டில் தங்கினேன். பாப்பாவை உடன் வைத்துக்கொண்டால் படிக்க முடியாது என்று என் கணவர்தான் சொன்னார். "நாங்க பாத்துக்க மாட்டமா? நீ நிம்மதியா எழுது" என்றார். தினமும் வீடியோ காலில் பாப்பாவைக் காட்டினார். திரும்பி வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் ஏரி மாதிரி நிரம்பியது. படமெடுப்பது வாசல் கதவருகே என்றாயிற்று.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பாப்பாவின் முகத்தை நேராக எடுத்தால் வலது கண் உயிரோடு இருக்கும். இடது கண் என்னைப் பார்க்காதது போல, எதையோ மறந்தது போல இருக்கும். துவாரம் அவ்வளவு அகலமாக இருக்கும்போது முகம் கொஞ்சம் திரும்பினாலே ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் விழும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதனால் என் மேலேயே குறை வைத்துக்கொண்டேன். முகத்தை நேர்ப்படுத்தினேன், தள்ளி உட்கார்ந்தேன். அப்படியும் அந்தக் கண் சரியாக வரவில்லை.

"சைடு போஸ் எடு அண்ணி, அதுதான் பாப்பாவுக்கு அழகு" என்பாள் நாத்தனார். அவளே மோவாயைப் பிடித்துத் திருப்பியும் வைப்பாள். எப்போதும் வலது கண் கேமரா பக்கம் வருகிற மாதிரி.

ஒருநாள் போனில் ஏற்றி வைத்திருந்த படங்களைக் கணவரிடம் காட்டினேன்.

"ஏங்க, இந்தக் கண்ணு ஒரு மாதிரி இல்ல?"

அவர் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணுமில்ல. லென்ஸு பழசு. உன் தம்பி எத்தினி தரம் கீழ போட்டானோ. ஒரு பக்கம் லூசாயிருக்கும்."

"லென்ஸ்னா எல்லா படத்துலயும் அப்படி வரணுமே?"

"நாந்தான் சொல்றேனே, ஒண்ணுமில்ல. பாண்டில குடுத்து சரி பண்ணினு வா."

அவர் பாலிடெக்னிக் படித்தவர். இன்ஜின், பம்ப்பு, மோட்டார் எதுவானாலும் அவர் சொன்னால் சரியாக இருக்கும். நம்பினேன். பொங்கல் முடிந்து ஒரு காலையில் லென்ஸைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அவரே வண்டியில் ஏற்றி மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் விட்டார். ஜன்னலோர இருக்கையைக் காட்டி, "பத்திரம். கடையில ஏமாத்துவான், பாத்து பேசு" என்றார்.

பாண்டிச்சேரிக் கடைக்காரர் ஏமாற்றவில்லை. லென்ஸை மாட்டிச் சுவரில் ஒட்டியிருந்த செய்தித்தாளைப் படமெடுத்தார். பிறகு என்னையே ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்து எடுத்தார்.

"லென்ஸ் சூப்பரா இருக்குது மேடம். ரெண்டு பக்கமும் கத்தி மாதிரி ஷார்ப்பு. எதுக்குக் கொண்டாந்தீங்க?"

என்ன சொல்வது? நான் திரையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு கருவிழிகளிலும் ஜன்னல் வெளிச்சம் ஒரு சின்ன வெள்ளைச் சதுரமாக விழுந்திருந்தது, இரண்டிலும் ஒரே இடத்தில். திரும்பி வரும் பஸ்ஸில் பாப்பாவின் படங்களைப் போனில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். வலது கண்ணில் வெளிச்சம் கருமணியின் நடுவில் இருந்தது. இடது கண்ணில் அது நகர்ந்து ஓரத்தில் இருந்தது. எல்லாப் படத்திலும். வெயிலில், எல்லாமே தெளிவாக விழும்படி எடுத்திருந்த படங்களிலும் அப்படித்தான். பொம்மையார்பாளையம் தாண்டியது, பிறகு எந்த ஊர் தாண்டியது என்று எனக்குத் தெரியவில்லை. கண்டக்டர் வந்து தட்டி எழுப்புகிற குரலில் "மரக்காணம்மா" என்றார்.

அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கொழந்தைங்களுக்கு அப்படித்தான் இருக்கும். வளர வளர சரியாயிடும். ஒண்ணுமில்ல. நிச்சயதார்த்தம் வருது, இப்ப போய் நீயா எதுனா கெளப்பாத."

பயந்தாங்கொள்ளி என்று பெயரெடுத்தவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. உண்மையான பயம் வரும்போது அதையும் யாரும் நம்ப மாட்டார்கள், அவளே நம்ப மாட்டாள். சில நாள் ஒத்திப்போட்டேன். பிறகு நிச்சயதார்த்தத்துக்கு ரவிக்கைத் துணி வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரியில் எங்கள் ஊர்க்காரர்கள் வழக்கமாகப் போகிற கண் டாக்டரிடம் போனேன். மாமியார் வீட்டில் நான் சொன்ன முதல் பொய் அது என்று வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது.

அறைக்குள் நுழைந்ததும் பாப்பா என் இடுப்பிலிருந்து இறங்கினாள். சுவரோரம் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது, மூடி போட்டு. அதைக் காட்டி, "அம்மா, அதுக்குள்ள கொரங்கு இருக்குது. ஜிங் ஜிங் தட்டும்" என்றாள்.

"சும்மா இரு. குரங்கெல்லாம் இருக்காது" என்றேன்.

நர்ஸ் சிரித்துக்கொண்டே ஒரு பித்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. ஒரு பொம்மைக் குரங்கு கைத்தாளத்தைத் தட்டியது. பாப்பா தானாகவே ஒரு உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அதற்கு எதிரே போய் நின்றாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"ஞாபகம் வெச்சினுகீதே தங்கம்" என்றாள் நர்ஸ். என்னிடம் திரும்பி, "போன தரம் அப்பாவும் அத்தையும் கூட்டினு வந்தாங்க. பிளாஸ்டர் ஒழுங்கா ஒட்றீங்களா? அழுதாலும் எடுக்கக் கூடாதுனு சொன்னோமே?"

"எப்ப வந்தாங்க?"

"மழைக்கு முன்னாடிம்மா. நீங்க ஏதோ பரீட்சைக்குப் போயிருக்கீங்கனு சொன்னாங்க."

டாக்டரம்மா பாப்பாவைப் பார்த்து முடித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காவிட்டால் மூளை ஒன்றை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். கண்ணாடி போட வேண்டும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைக்க வேண்டும். அப்போதுதான் மற்றது வேலை செய்யும். "இப்பவும் கைமீறிப் போகலைம்மா. ஆனா சின்னக் கொழந்தைக்கு ஒவ்வொரு மாசமும் முக்கியம். அன்னிக்கே ஆரம்பிச்சிருக்கணும்."

"இடது கண்ணுல அவளுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?"

"கலங்கலாத்தான். கிட்ட இருக்கறதும் சரியாத் தெரியாது."

மாதக்கணக்காக நான் எதை வரவழைக்கப் பாடுபட்டேனோ அது என் பிள்ளையின் ஒரு கண்ணுக்குள் முன்பே இருந்தது. நான் முகத்தையாவது தெளிவாக விட்டேன். அவளுக்கு அந்தக் கண்ணில் என் முகமும் இல்லை.

திரும்பியபோது என் கணவர் உப்பளத்தில் இருந்தார். மழைநீர் வடிந்து, வரும் பருவத்துக்காக ஆட்கள் பாத்தித் தரையை வரிசையாக மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பாப்பாவை இடுப்பில் வைத்தபடியே வரப்பில் நடந்து அவரிடம் போனேன். அத்தனை பேர் முன்னால் என்னால் குரலை உயர்த்த முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"பாப்பா கொரங்கப் பாத்தா" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தார்.

"பரீட்சை நேரத்துல உனக்குச் சொல்ல வேணாம்னு பாத்தோம். நீ தாங்க மாட்ட."

"பரீட்சை முடிஞ்சிடுச்சே."

"அதுக்குள்ள பெருமுக்கல்காரங்க பேசி முடிக்க வந்துட்டாங்க. கொழந்த கண்ணுல பிளாஸ்டரோட நின்னா, பரம்பரைக் கோளாறானு கேப்பாங்க. கல்யாணம் முடியட்டும், மறுநாளே ஆரம்பிச்சிடலாம்னு இருந்தோம்."

"இருந்தோம்னா யாரு?"

மிதித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்க்காதது போல் இன்னும் அழுத்தி மிதித்தார்கள்.

"லென்ஸ எடுத்துனு பாண்டிக்குப் போனனே. பஸ் ஸ்டாண்டுல வந்து விட்டது நீங்கதானே?"

"நாந்தான்."

"ஜன்னலோரமா எடம் பாத்து உக்கார வெச்சீங்களே."

அவர் தலையைத் திருப்பி இன்ஜின் கொட்டகையைப் பார்த்தார். மறைத்ததைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். பயத்தில், பாசத்தில், தங்கைக்காக என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் லென்ஸில் கோளாறு இல்லை என்று தெரிந்தே, அதைத் துண்டில் சுற்றிப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு நான் போவதைப் பார்த்துக் கையசைத்தாரே, அந்தக் காலைதான் எனக்குச் செரிக்கவில்லை.

நாத்தனார் அழுதாள். அழுதுகொண்டே தன் பீரோவைத் திறந்து, வளையல் டப்பாவுக்கு அடியிலிருந்து பிளாஸ்டர் பாக்கெட்டை எடுத்தாள். அதில் ஒன்று மட்டும் குறைந்திருந்தது.

"ஒருநாள் ஒட்டிப் பாத்தோம் அண்ணி. பிச்சிப் போட்டு அழுதா. எனக்கு மனசு கேக்கல."

"அதான் மோவாயப் புடிச்சித் திருப்பி வெச்சியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் படமெடுப்புக்குத் தோழி என்று அவளைத்தான் நினைத்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நின்று சாவியை ஆட்டியவள், பாப்பாவின் கண் எந்தப் பக்கம் போகிறது என்பதை என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலையிலிருந்து பிளாஸ்டர் ஒட்டினேன். பாப்பா அலறினாள். சுவரில் மோதினாள், இட்லித் தட்டைத் தடவித் தேடினாள். அதைப் பார்த்தபோதுதான் அந்தக் கண்ணில் எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது. மாமியார் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் என் கணவர் வந்து நின்றார். "நாளைக்கு ஒருநாள் மட்டும் வேணாமே. கண்ணாடிய மட்டும் போட்டு விடு."

அன்று முழுக்க எனக்குள் நானே வாதாடினேன். ஒருநாளில் என்ன கெட்டுவிடும்? ஒரு பெண்ணின் வாழ்க்கை ஆயிற்றே. பிறகு, மழைக்காலம் முழுவதும் அவர்களும் இப்படித்தானே ஒவ்வொரு நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. காலையில் பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, பிளாஸ்டரையும் ஒட்டினேன்.

தட்டு மாற்றி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா பாப்பாவைப் பார்த்தார். "பாப்பாவுக்குக் கண்ணுல இன்னா?"

"கொசு கடிச்சிருச்சுங்க" என்றார் என் கணவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"இல்லைங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "இல்லைங்க. ஒரு கண்ணுல பார்வை கம்மி. நல்ல கண்ண மூடினாதான் அது வேல செய்யும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

நாத்தனார் மாலைக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்படியா? பாவம், நல்லாயிடும்" என்றார் அந்த அம்மா. பிறகு திரும்பி, "பந்தி எப்பம்மா? பெரியவரு சுகர்காரரு, மாத்திரை போடணும்" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்காகத்தான் அத்தனை மாதம். சம்பந்தம் முறியவில்லை. கல்யாணம் பங்குனியில் நல்லபடியாக முடிந்தது. நான் வரப்பில் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு நாத்தனார் பெருமுக்கல் வீட்டில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களெல்லாம் எந்த ஸ்டுடியோ என்று கேட்கிறார்களாம். போனில் சொன்னாள். "சரி" என்று வைத்துவிட்டேன்.

அவர் இப்போது நல்ல தகப்பனாக இருக்கிறார். பிளாஸ்டர் மேல் பூனை வரைந்து தருகிறார், அது ஒட்டியிருக்கும் நேரத்தில் பாப்பாவோடு உட்கார்ந்து மணி கோக்கிறார். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் என்னைத்தான் கல்நெஞ்சக்காரி என்பார்கள். நானும் சில சமயம் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் எதைச் சொன்னாலும், காய்ச்சல் இல்லை என்றாலும், கேஸ் மூடியாச்சு என்றாலும், எழுந்துபோய் நானே பார்த்துவிட்டு வருகிறேன்.

வைகாசியில் குவியல்கள் மறுபடி எழுந்துவிட்டன. வெயில் ஏறுவதற்கு முன் பாப்பாவுக்குக் கண்ணாடியும் பிளாஸ்டரும் போட்டு வரப்புக்கு அழைத்துப்போகிறேன். ஒரு கண்ணை மூடியிருக்கும்போது படத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒப்பிட இன்னொரு வெளிச்சப் புள்ளி இருப்பதில்லை. அதனால் அவளையே கேட்கிறேன். "அங்க இன்னா தெரியுது?" ஆரம்பத்தில், "வெள்ள" என்று மட்டும் சொல்வாள். பிறகொரு நாள், "மலை" என்றாள். குவியலைத்தான்.

நேற்று அவளை நிறுத்தி லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தாண்டி என் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மலை மேல காக்கா."

திரும்பிப் பார்த்தேன். தூரத்துக் குவியலின் உச்சியில் ஏதோ கறுப்பாக இருந்தது. தார்ப்பாயின் கிழிசலாகவும் இருக்கலாம். எனக்கே நிச்சயமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அது சிறகை விரித்துப் பறந்தது.

அடுத்த வரப்பில் பம்ப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். "இன்னா சொல்றா பாப்பா?"

"ஒண்ணுமில்லைங்க" என்றேன்.